ரேடியேட்டர் இல்லாமல் 1000 குதிரைத்திறன்: ஐஸ் தொட்டி கட்டுவது எப்படி?

நாகர்கோவில் பக்கம் கல்லூரிகளில் ரேஸ் வண்டி கட்டுகிற தம்பி தங்கைகள், எஞ்சின் சூடு என்றதும் பெரிய ரேடியேட்டரைத்தான் தேடுகிறார்கள். நேர்கோட்டு வேக சாதனை வண்டிக்கு அது வேண்டாம். ரேடியேட்டருக்குக் காற்று போக முகப்பில் வாய் திறந்தால், அந்தக் காற்றே வண்டியைப் பிடித்து இழுக்கும். ஓட்டமோ ஒன்றிரண்டு நிமிடம்தான். அதற்குள் வரும் சூட்டை வெளியே தள்ள வேண்டியதில்லை, உள்ளேயே வாங்கி வைத்தால் போதும். சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிற அதே ஏற்பாடுதான். 1947-இல் அமெரிக்காவின் பான்னவில் உப்புவெளியில் மணிக்கு 634 கிலோமீட்டர் தொட்ட ஜான் காப் என்ற ஓட்டுநரின் வண்டியிலும் ஐஸ் தொட்டிதான் இருந்தது.

படி 1: சூட்டைக் கணக்கிடுங்கள்

1000 குதிரைத்திறன் என்பது 746 கிலோவாட். இதில் பாதிக்குச் சமமான சூடு, அதாவது 373 கிலோவாட், தண்ணீரில் இறங்கும் என்று வைத்துத் தொடங்குங்கள். முழு ஆக்சிலேட்டரில் 90 விநாடி ஓடினால் சுமார் 33,600 கிலோஜூல். எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும். டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

படி 2: தொட்டி எவ்வளவு பெரிது?

ஒரு லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 80 வரை ஏற 209 கிலோஜூல் வாங்கும். அப்படியென்றால் 160 லிட்டர் தேவை. ஐஸ் அப்படியில்லை. ஒரு கிலோ உருகுவதற்கே 334 கிலோஜூல், உருகிய நீர் 80 டிகிரிக்கு ஏற இன்னொரு 335. ஆகவே 25 கிலோ ஐஸும், அதோடு சேர்த்துக் குளிர வைத்த 50 லிட்டர் தண்ணீரும் போதும். 100 லிட்டர் தொட்டி கட்டினால் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

ஏன் 80-இல் நிறுத்துகிறோம்? பான்னவில் கிட்டத்தட்ட 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அங்கே 96-லேயே கொதித்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடம் மற்ற இடங்களைவிடச் சூடாக இருக்கும் என்பதால் இந்த இடைவெளி கட்டாயம் வேண்டும்.

படி 3: குழாய் இணைப்பு

ஐஸ் மிதக்கும். அதனால் பம்ப் உறிஞ்சும் குழாய் தொட்டியின் அடியில், வலை போட்டு. ஐஸ் துண்டு பம்புக்குள் போனால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. சூடான தண்ணீர் திரும்பி வரும் குழாயை மேலே வைத்து, பக்கவாட்டில் துளைகள் போட்டு, ஐஸ் மேல் பரவலாக விழச் செய்யுங்கள். ஒரே இடத்தில் விழுந்தால் ஐஸில் ஓட்டை விழும், சுடுதண்ணீர் அந்த வழியாக நேரே அடிக்கு இறங்கிவிடும். மீதி ஐஸ் உருகாமல் கிடக்கும். பாளமாகப் போடாமல் நொறுக்கிப் போடுங்கள். அப்புறம், சிலிண்டர் ஹெட்டின் உயரமான இடத்தில் காற்று வெளியேற ஒரு குழாய் மறக்காதீர்கள்.

ஐஸ் தண்ணீரைச் சூடான எஞ்சினுக்குள் நேரடியாக விடாதீர்கள், வார்ப்பு விரிசல் விடலாம். எஞ்சினைச் சுற்றி வந்த தண்ணீரில் ஒரு பகுதியை மறுபடி கலந்து அனுப்ப பைபாஸ் வால்வு வையுங்கள்.

படி 4: தண்ணீர்

கடற்கரை ஊர் போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பு அலுமினியத்தை அரிப்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிஸ்டில்டு வாட்டர், அதில் துருத்தடுப்பு மருந்து. கிளைக்கால் கலந்த கூலன்ட் குறைவாகத்தான் சூடு வாங்கும்; சிந்தினால் தளமும் வழுக்கும்.

படி 5: இரண்டாவது ஓட்டம்

உலக சாதனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். அதற்குள் 80 டிகிரி தண்ணீரை வடித்து, ஐஸ் மறுபடி நிரப்பியாக வேண்டும். வடிகால் வால்வு 2 அங்குலத்துக்குக் குறையாமல், கையுறையோடு திறக்கத் தோதான இடத்தில் இருக்கட்டும்.