சினைமீனுக்கு ஊசி போடும் முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்

ரோகு, கட்லா போன்ற கெண்டை மீன்கள் எல்லாம் குளத்தில் சினை பிடிக்கும், ஆனால் முட்டை இடாது. புதுவெள்ளம் ஓடும் ஆறு இல்லாததால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி முட்டையிடச் சொல்லும் கடைசி உத்தரவைக் கொடுக்காமல் நின்றுவிடும். அந்த உத்தரவை ஊசியால் கொடுக்கலாம் என்று 1957-இல் ஒடிசாவில் மீன் விஞ்ஞானிகள் ஹீராலால் சவுத்ரியும் அலிகுஞ்ஞியும் காட்டினார்கள். இந்திய மீன் வளர்ப்பையே மாற்றிய வேலை அது!

ஆனால் ஒன்று. ஊசி முட்டையை வளர்க்காது; முற்றிய முட்டையை வெளியே கொண்டுவரும், அவ்வளவுதான். சினை முற்றாத மீனுக்கு எவ்வளவு மருந்து ஏற்றினாலும் வீண், மீனுக்கும் வேதனை.

அதனால் முதல் நாளே தீவனத்தை நிறுத்திவிடுங்கள். இரை தின்ற வயிறும் சினை வயிறு மாதிரியே உப்பித் தெரியும், நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். அப்புறம் ஈரக்கையால் பிடித்துப் பாருங்கள். பெண்மீனின் வயிறு மெத்தென்று இருக்கும், இனப்பெருக்கத் துளை சிவந்து தடித்திருக்கும். ஆண்மீனின் மார்புத் துடுப்பை உள்பக்கம் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். வயிற்றை லேசாக அழுத்தினால் பால் போல விந்து வரும்.

கடையில் கிடைக்கும் ஆயத்த ஹார்மோன் ஊசி மருந்தான ஒவாப்ரிம் என்றால் பெண்ணுக்குக் கிலோ எடைக்கு சுமார் 0.3 முதல் 0.5 மி.லி., ஆணுக்கு அதில் பாதி போதும். சாயங்காலம் போடுங்கள், தண்ணீர் குளிர்ந்திருக்கும்.