முதல் சிறுகதைத் தொகுப்பு: கைப்பிரதியிலிருந்து ஒப்பந்தம் வரை

பத்துப் பன்னிரண்டு கதைகளை எழுதி முடித்தவர்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம் என்பதைத்தான். பதிலுக்கு நான், கைப்பிரதி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பது வழக்கம். கைபேசியில் துண்டு துண்டாகத் தட்டச்சு செய்தவற்றை ஒரே கோப்பாக்கி, முழுவதையும் யுனிகோடில் வைத்துக்கொள்ளுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால், மாற்றிய பின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். ஒரு கதையில் 'கோயில்' என்றும் அடுத்த கதையில் 'கோவில்' என்றும் எழுதியிருந்தால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வட்டார வழக்கில் எழுதுபவர்கள், எந்தெந்தச் சொற்களைத் திருத்தக் கூடாது என்று ஒரு பட்டியலை இணைத்துவிடுவது நல்லது. அது இல்லாவிட்டால், அக்கறையுள்ள மெய்ப்புத் திருத்துநரே உங்கள் ஊர்ப் பேச்சைப் பாடநூல் தமிழாக்கிவிடக்கூடும்.

அச்சகத்தில் 16 பக்கங்களை ஒரு ஃபாரமாகக் கணக்கிடுவார்கள். பத்து ஃபாரம், அதாவது 160 பக்கம், முதல் தொகுப்புக்குப் போதுமானது. எழுதிய எல்லாக் கதைகளையும் சேர்த்தாக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

பதிப்பகத்தைத் தேர்வதற்கு, அது கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் நான்கைந்தை வாங்கிப் படிப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. பிழைகள் எத்தனை, அறிமுக எழுத்தாளர்களுக்கு இடம் தருகிறார்களா என்பவை அதிலேயே புலப்படும். காலமும் முக்கியம். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால், அதற்கு முந்தைய சில மாதங்களில் பதிப்பாளர்கள் அச்சு வேலைகளில் மூழ்கியிருப்பார்கள். அப்போது போய்ச் சேரும் புதிய கைப்பிரதி பெரும்பாலும் படிக்கப்படாமலே கிடக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அனுப்புங்கள். கதைகள் எந்த இதழ்களில் வெளிவந்தன என்ற விவரத்துடன் அரைப் பக்கக் கடிதம் போதும்.

சில பதிப்பகங்கள் அச்சுச் செலவை எழுத்தாளரிடமே கேட்கின்றன. அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், தேவைக்கேற்ப நூறு படிகள்கூட அச்சிட முடிகிற இந்நாளில், ஆயிரம் படிகளுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு அவற்றை வீட்டுப் பரணில் அடுக்கிவைப்பது தேவையற்றது. பணம் கொடுத்தால் எத்தனை படிகள், யார் விற்பது, விற்ற பணம் யாருக்கு என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் முதல் தொகுப்பு வெறும் வாய்ச்சொல்லின் பேரில் அச்சேறியது. எத்தனை படிகள் அச்சிட்டார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால்தான் ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் சற்று அதிகமாகப் பேசுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனேயே உரிமை உங்களுடையதாகிவிடுகிறது. அதற்குப் பதிவு கட்டாயமில்லை. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவது எழுத்திலும் கையொப்பத்துடனும் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆகவே 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்ற தொடரைக் கண்டால் கையெழுத்திடாதீர்கள். அச்சு நூல் உரிமையை மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுங்கள். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளைத் தனித்தனியே குறிப்பிட்டு, இயன்றவரை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையில் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கான உரிமைத்தொகை (ராயல்டி) பத்து விழுக்காடு என்றால், அது நூலின் விலையிலா, விற்பனையாளர்களுக்குத் தரும் கழிவு போக வரும் தொகையிலா என்பதைக் கேட்டுத் தெளியுங்கள். 200 ரூபாய் நூல் 300 படிகள் விற்றால் முதல் கணக்கில் 6,000 ரூபாய் கிடைக்கும். 40 விழுக்காடு கழிவுக்குப் பிறகான தொகையில் கணக்கிட்டால் 3,600தான். பொது நூலகங்களுக்காக வாங்கும் நூலக ஆணைக்கு விற்கும் படிகளும் கணக்கில் சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐப் பதிப்பகமே பெற்றுவிடும். நீங்களாகவே வெளியிடுவதானால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது என்பதால், அதற்கெனப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்.

இறுதி மெய்ப்பை அச்சிட்ட தாளில் படியுங்கள். திரையில் தப்பிய பிழைகள் தாளில் கண்ணில் படும். நூல் வந்த பின், ஆண்டு விற்பனைக் கணக்கை எந்த மாதம் தருவதாக ஒப்பந்தத்தில் இருக்கிறதோ அதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்த மாதம் கடந்தும் கணக்கு வராவிட்டால், ஒப்பந்தத் தேதியைச் சுட்டிப் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள்.