சீலிங்குக்கு மேலே பூசணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளி ஞாபகம் இருக்கும். மத்தியானத்தில் வெந்து போவோம். ஆனால் காற்று ஓடிக்கொண்டே இருந்ததால் கூரைச் சட்டத்தில் பூசணம் பிடித்து நான் பார்த்ததில்லை. இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் மேலே அடைபட்ட இருட்டு, நடுவில் பிளாஸ்டர் சீலிங், கீழே ஏர்கோன். புதிதாக இந்த சீலிங் வேலைக்கு வரும் பையன்கள் வீட்டுக்கு வீடு அதே தவறுகளைச் செய்கிறார்கள். உடைந்த ஓடு, ஒழுகும் குழாய் எல்லாம் யாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

குளிர் நாட்டு வீடியோவைப் பார்த்து பிளாஸ்டிக் விரிப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கனடா மாதிரி நாடுகளில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடு, வெளியே பனி. அறையின் ஈரக்காற்று மேலே ஏறி, குளிர்ந்த கூரைப் பலகையில் பட்டுத் தண்ணீராகும். அதைத் தடுக்க, சூட்டையும் குளிரையும் தடுக்க சீலிங்குக்கு மேல் பரப்பும் கண்ணாடிக் கம்பளிக்குக் கீழே, அறைப் பக்கமாக பிளாஸ்டிக் விரிக்கிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி.

இங்கே எல்லாம் தலைகீழ். சூடும் ஈரமும் வெளியே, குளிர் உள்ளே. 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று, ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் நீர் கோத்துவிடும். ஏர்கோனை 18இல் வைத்துத் தூங்கும் அறையின் சீலிங் அந்த 24 டிகிரியைவிடக் குளிர்ந்திருக்கும். கூரைக்குள் இருக்கும் ஈரக்காற்று கண்ணாடிக் கம்பளி வழியே தாராளமாக இறங்கி, அடியில் விரித்த பிளாஸ்டிக்கில் தண்ணீராகத் தேங்கும். கீழே இறங்க வழியில்லை. மேலே கம்பளி மூடியிருப்பதால் சீக்கிரம் காயவும் காயாது.

ஒரு அக்கா வீட்டில் பிள்ளைகள் படுக்கும் அறையில் ஓயாத புழுங்கல் வாடை. சீலிங்கின் கீழ்ப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓட்டைப் பிரித்து ஒழுகல் தேடியிருக்கிறார்கள், ஒன்றும் இல்லை. நான் மேன்ஹோல் (சீலிங்கில் ஆள் ஏறும் துவாரம்) வழியாக ஏறி, கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மேல்பக்கம் மஞ்சளாக, காய்ந்து கிடந்தது. அடிப்பக்கத்தைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. பிளாஸ்டிக் முடிந்த இடத்தில் மரச்சட்டம் நெடுகக் கறுப்புப் புள்ளிகள். வேலை செய்த பையனைக் கேட்டால், “வீடியோவுல அப்படித்தாண்ணே போட்டாங்க” என்கிறான். கம்பளி, போர்டு, சட்டம் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டோம். ஒரே சீலிங்குக்கு அந்த அக்கா இரண்டு தடவை பணம் கொடுத்தார். அந்தக் காசு எப்படிச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

ஆகவே, ஈரம் புகாத முகம் இங்கே வெயில் பக்கம், அதாவது மேலே இருக்க வேண்டும். ஒரு பக்கம் அலுமினிய ஃபாயில் ஒட்டிய கம்பளி என்றால் அந்த ஃபாயில் மேலே பார்க்கட்டும். இணைப்புகளை ஃபாயில் டேப்பால் ஒட்டுங்கள். கீழே பிளாஸ்டிக் வேண்டாம். சீலிங்கில் பதிக்கும் டவுன்லைட் விளக்கின் ஓட்டையைச் சுற்றியும் மேன்ஹோல் ஓரத்திலும் இடுக்கு விடாதீர்கள். ஏர்கோன் குளிர் அந்த வழியாகத்தான் கூரைக்குள் கசிகிறது. அப்புறம் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள்: அலுவலகம் போன்ற கட்டடங்களுக்கான மலேசியத் தரநிலை எம்எஸ் 1525 பரிந்துரைப்பதே 24 முதல் 26 டிகிரிதான். 18 வேண்டாம்.

வௌவாலுக்குப் பயந்து காற்று வழியை அடைப்பது

கூரை ஓரத்தின் அடியில் உள்ள துவாரங்களைச் சிமெண்டால் பூசிவிடுகிறார்கள். கம்பி வலை போதும். காற்று அங்கே நுழைந்து முகட்டு வழியாக வெளியேற வேண்டும். மேலும் கீழும் வழி இருக்கும் கூரைக்கு அமெரிக்கக் கட்டட விதி சொல்லும் மொத்தத் துவார அளவு, சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு. 90 சதுர மீட்டருக்கு 0.3 சதுர மீட்டர். வலைக் கம்பி மறைக்கும் இடத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டுக் கம்பளியை அந்தத் துவாரத்தின் மேலேயே தள்ளி வைப்பவர்களும் உண்டு.

குளியலறை விசிறியைக் கூரைக்குள் ஊதவிடுவது

குழாய் மாட்டி வெளியே விடுங்கள்.

கறுப்பின் மேல் பெயிண்ட் அடிப்பது

நிற்காது. பிளாஸ்டர் போர்டின் காகிதத்தில் ஊறிய பூசணம் பிளீச்சுக்கும் போகாது. அந்தப் போர்டை மாற்றுங்கள்.

தண்ணீர்த் தொட்டியை மறப்பது

நம் வீடுகளில் தொட்டி கூரைக்குள்தான் இருக்கிறது. மூடி சரியாக இல்லாவிட்டாலோ, மிதவை வால்வு பழுதாகித் தண்ணீர் வழிந்தாலோ சுற்றிலும் நனையும். நனைந்தது 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்தால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. எனவே கம்பளி வேலைக்கு ஏறும்போது தொட்டியின் மூடியையும் வழிகுழாயையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

பழைய வீட்டு சீலிங்கைச் சுரண்டுவது

ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கை வைக்காதீர்கள், தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.