'நல்ல கட்டிதான்' என்று கேட்டதும் செய்யும் தவறுகள்

பினாங்கில் நம்மவர்களுக்கு நெஞ்செரிச்சல், உப்புசம், புளியேப்பம் எல்லாமே 'கேஸ்ட்ரிக்'தான். நாசி கண்டார் சாப்பிட்ட கையோடு ஃபார்மசியில் ஒமெப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை வாங்கி விழுங்கிவிடுவோம். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுவது முதல் தவறு. இந்த மாத்திரை ஆரம்பப் புற்றுநோயின் புண்ணைக்கூட மேலாக ஆற்றிவிடும். பிறகு ஸ்கோப் (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனை) பார்ப்பவர் கண்ணுக்கே அது தப்பலாம். எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ மாத்திரையை நம்பி இருக்காதீர்கள்.

அடுத்த தவறுதான் பெரியது. ஸ்கோப்பில் ஒரு கட்டி தெரிகிறது, 'நல்ல கட்டிதான்', அதாவது புற்றுநோய் இல்லை என்கிறார் டாக்டர். வீட்டில் பாயசம் வைக்காத குறைதான்! இன்ஃப்ளமேட்டரி ஃபைப்ராய்டு பாலிப் என்று ஒன்று உண்டு. 1949-இல் வானெக் என்பவர் விவரித்த, அரிதாகவே காணப்படும் சாதுவான கட்டி. இது வயிற்றின் உள்தோலான சளிச்சவ்வுக்கு அடியில் வளர்வதால், சோதனைக்காக மேலிருந்து கிள்ளி எடுக்கும் சதையில் பல சமயம் கட்டியே வராது, மேல்தோல்தான் வரும். 'புற்றுநோய் இல்லை' என்ற முடிவு அந்தக் கிள்ளலுக்கு மட்டுமே பொருந்தும்.

இத்தகைய கட்டியும் ஆரம்பப் புற்றுநோயும் ஒரே வயிற்றில் இருந்ததுண்டு. ஆரம்பப் புற்றுநோய் புடைத்துக்கொண்டுதான் நிற்கும் என்றில்லை. லேசான நிறமாற்றமாகவோ சின்னப் பள்ளமாகவோ கிடக்கும். கல்யாண வீட்டில் மேளக்காரரையே பார்த்திருந்து மொய்ப்பையைத் தொலைத்த கதை ஆகிவிடும். அதனால், "மற்ற இடமெல்லாம் எப்படி டாக்டர்? எங்கெங்கே சதை எடுத்தீங்க?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியையும் அலட்சியப்படுத்தாதீர்கள். 1994-இலேயே அதைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டார்கள். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இது மிக அதிகம். மருந்து முடித்ததும் கிருமி போய்விட்டதாக நினைத்துக்கொள்வதும் தவறு, மறுபடி சோதிக்க வேண்டும். மூச்சுச் சோதனைக்கு முன் ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரமும், ஒமெப்ரசோல் நிறுத்தி 2 வாரமும் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரலாம்.

'கத்தி வைத்தால் பரவிவிடும்' என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாதவர்களும் உண்டு. சளிச்சவ்வோடு நிற்கும் ஆரம்பப் புற்றுநோயைப் பல நேரங்களில் வயிற்றைக் கிழிக்காமல் ஸ்கோப் வழியாகவே சீவி எடுத்துவிடலாம். போகும்போது அஸ்பிரினோ வார்ஃபரினோ போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டும் போகாதீர்கள்.