முள்ளை விட்டு வாயைப் பாருங்கள்: புதைபடிவ டைனோசிஸ்ட்டுகளை இனம்பிரிக்கும் முறை

நுண்ணோக்கியின் கீழே 50 மைக்ரான் அளவில் ஒரு பழுப்பு உருண்டை, சுற்றிலும் முட்கள். புதிதாகப் பார்ப்பவரின் கண் நேரே முட்களுக்குத்தான் போகும். எத்தனை முள், எவ்வளவு நீளம், நுனி பிளந்திருக்கிறதா என்று குறிப்பெழுதத் தொடங்குவார். வகைப்பாடு தடம் மாறுவது அங்கேதான். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்களிலும் ஒரே மாதிரி முட்கள் உண்டு. ஒரே இனத்துக்குள் முள்ளின் நீளம் பாதியாகக் குறைவதும் உண்டு.

டைனோஃபிளாஜெல்லேட் என்பது நீரில் மிதந்து வாழும் ஒருசெல் உயிரி. இவற்றில் சில இனங்கள், பெரும்பாலும் பாலினப் பெருக்கத்துக்குப் பிறகு, உறங்குவதற்கென்று உறுதியான ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கின்றன. அதுதான் சிஸ்ட்; டைனோஃபிளாஜெல்லேட்டின் சிஸ்ட் என்பதால் டைனோசிஸ்ட். மேலே சொன்ன முள் உருண்டையும் அதுவே. டைனோஸ்போரின் என்ற கரிமப் பொருளால் ஆன கூட்டுச் சுவர், பாறையைக் கரைக்கும் அமிலத்துக்கும் அசையாது. உறக்கம் கலைந்ததும் உயிரி சுவரில் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் திறந்துகொண்டு வெளியேறும். அந்த வாய்க்கு ஆர்க்கியோபைல் என்று பெயர். கழன்ற துண்டு ஓபர்குலம், அதாவது மூடி. பாறையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆள் போன வெற்று வீடு.

இந்த வாயின் அருமை தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1830-களில் ஜெர்மன் இயற்கையியலாளர் ஏரன்பெர்க் கிரெட்டேசியக் காலத் தீக்கல் சில்லுகளில் இந்த முள் உருண்டைகளைக் கண்டு, நன்னீர்ப் பாசியின் வகை என்று நினைத்துப் பெயரிட்டார். பிறகு அவை ‘ஹிஸ்ட்ரிக்கோஸ்பியர்’ என்ற பெயரில், எந்த உயிரி என்று தெரியாமலேயே கிடந்தன. 1961-ல் அமெரிக்க ஆய்வாளர் எவிட் அவற்றில் பலவற்றின் சுவரில் இருந்த திறப்பும், முட்கள் நிற்கும் ஒழுங்கும் நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட்டின் உடலைக் கவசம் போல மூடியிருக்கும் தகடுகளின் அமைப்போடு பொருந்துவதைக் காட்டினார். அதே பத்தாண்டில் வால், டேல் என்ற இரு ஆய்வாளர்கள் இன்றைய கடலடிச் சேற்றிலிருந்து உயிருள்ள சிஸ்ட்டுகளை எடுத்துப் பொரிக்கவைத்து, உள்ளிருந்து நீந்தும் உயிரி வருவதைக் கண்ணால் பார்த்தார்கள். அன்று குழப்பத்தைத் தீர்த்த அடையாளங்களை இன்றும் முதலில் பார்ப்பதே முறை.

மாதிரி சரியாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்

கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறை, வண்டல்பாறை நல்லது. சிவந்த, மஞ்சள் பூத்த பாறையில் கரிமப் பொருள் ஆக்சிஜனேற்றத்தில் அழிந்திருக்கும். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை போன்ற வெயில் காய்ந்த கிரெட்டேசியக் களிமண் மேடுகளில் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவந்து ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிவிட வேண்டாம்; நிறம் மாறாத புதுப் பாறை வரும்வரை தோண்டி எடுங்கள்.

10 முதல் 20 கிராம் உலர்ந்த பாறையைப் பட்டாணி அளவுக்கு உடையுங்கள்; மாவாக்கினால் கூடுகளும் உடையும். எண்ணிக்கை வேண்டுமென்றால் லைக்கோபோடியம் வித்து மாத்திரையை (எண்ணிக்கை தெரிந்த வித்துகள் அடங்கியது; ஒப்பிட்டுக் கணக்கிட உதவும்) இப்போதே சேர்க்க வேண்டும். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நுரை முற்றிலும் அடங்கும்வரை வையுங்கள். இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. சுண்ணாம்பு மிச்சமிருந்தால் அடுத்த அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடு படிகமாகி, சிலைடு முழுவதையும் மறைத்துவிடும். நன்றாகக் கழுவியபின் 40 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஓரிரு நாள். இது கண்ணாடியையே கரைக்கும். தோலில் பட்டால் வலி தாமதமாகத் தெரிந்து, எலும்புவரை போகும். புகைபோக்கி அறை, பிளாஸ்டிக் கலன், முழுக் கையுறை, கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, பயிற்சி பெற்ற துணையாள் ஆகியவை இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. அடுத்து ஒருமுறை வெதுவெதுப்பான ஹைட்ரோகுளோரிக் அமிலம், நடுநிலைக்கு வரும்வரை கழுவுதல், 10 மைக்ரான் நைலான் வலையில் சலித்தல். 20 மைக்ரான் வலை வைத்தால் வேலை வேகமாக முடியும். ஆனால் சின்னக் கூடுகள் சாக்கடைக்குப் போய்விடும்.

மகரந்தம் பார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் அசெட்டாலிசிஸும் (அமிலக் கலவையில் சூடாக்குவது) நைட்ரிக் அமிலக் கழுவலும் இங்கே வேண்டாம். மெல்லிய பழுப்புச் சுவர் கொண்ட பெரிடினியாய்டு சிஸ்ட்டுகள்தான் (இரு பெரும் பிரிவுகளில் ஒன்று; அடையாளம் பின்னால் வரும்) முதலில் கரையும். மீதமிருப்பதை எண்ணிவிட்டு ‘இந்தக் கடலில் அவை வாழவில்லை’ என்று முடிவு சொல்வது பெரும் பிழை. சஃப்ரனின் சாயம் மெல்லிய சுவரை எடுத்துக்காட்டும். ஆனால் ஒரு பகுதியைச் சாயமேற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் இயல்பு நிறம் பாறை எவ்வளவு சூடு கண்டது என்பதைச் சொல்லும். கிளிசரின் ஜெல்லியில் பதித்து, 40 மடங்கு வில்லையில் தேடி, 100 மடங்கு எண்ணெய் வில்லையில் உறுதிசெய்யுங்கள்.

எது தலை, எது முதுகு

பெயர் தேடுவதற்கு முன் கூட்டை மனத்தில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். இடுப்பைச் சுற்றி ஓடும் பள்ளம் சிங்குலம். அதற்கு மேலே எபிசிஸ்ட், கீழே ஹைப்போசிஸ்ட். வயிற்றுப் பக்கம் செங்குத்தாக இறங்கும் பள்ளம் சல்கஸ். சிங்குலத்தின் இரு முனைகளும் சல்கஸில் வந்து சேரும்போது, பெரும்பாலும் உயிரியின் இடப்பக்க முனை உச்சிக்குச் சற்று அருகிலும், வலப்பக்க முனை தாழ்ந்தும் இருக்கும்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது இடறுவார்கள். கூடு கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது. குவியத்தை மேலே வைத்தால் அருகிலிருக்கும் முகமும், கீழே இறக்கினால் அடுத்த முகம் உள்ளிருந்தும் தெரியும். முதுகு மேலே இருக்கும்படி கூடு கிடந்தால், உச்சியை மேல்நோக்கி வைத்துப் பார்க்கையில் உயிரியின் இடப்பக்கம் உங்கள் இடப்பக்கத்திலேயே இருக்கும். வயிறு மேலே இருந்தால் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு கூட்டுக்கும் மேல் குவியம், நடுக் குவியம், கீழ்க் குவியம் என மூன்று படம் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த முகம் என்று எழுதுங்கள். நுண்ணோக்கி படத்தை 180 பாகை சுழற்றுமே தவிர, இடம் வலம் மாற்றிக் காட்டாது. கேமரா மென்பொருளில் ‘கண்ணாடிப் பிம்பம்’ அமைப்பு மட்டும் தவறுதலாக இயங்கிக்கொண்டிருந்தால் எல்லாக் கூடும் தலைகீழ்ச் சாட்சி சொல்லும். எழுத்து அச்சிட்ட ஒரு துண்டைச் சிலைடின் மேல் வைத்து முதலிலேயே சோதித்துவிடுங்கள்.

வாய் எங்கே

இப்போது ஆர்க்கியோபைல். கேள்விகள் மூன்று: எந்தத் தகட்டு வரிசையில் திறந்திருக்கிறது, எத்தனை தகடு கழன்றிருக்கிறது, மூடி முழுதாக விழுந்ததா அல்லது ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா. இங்கே தகடு என்பது, உயிரியின் ஒரு தகட்டுக்கு நேராக அமைந்த கூட்டுச் சுவர்ப் பகுதி.

உச்சித் தகடுகள் மொத்தமாகக் கழன்று, குடுமி வெட்டிய இளநீர் போல விளிம்பு கோணல்மாணலாக நிற்பது அபிகல் வகை. ஹிஸ்ட்ரிக்கோஸ்பெரிடியம், ஓடொன்டொகைடினா, அரியோலிஜெரா ஆகிய பேரினங்கள் எல்லாம் இதில் அடங்கும். விளிம்பின் ஒவ்வொரு கோணமும் கீழே உள்ள தகடுகளின் எல்லையைக் காட்டும். சல்கஸ் வந்து சேரும் இடத்தில் ஒரு வெட்டுத்தடம் இருக்கும். அரியோலிஜெராவில் அது நடுவில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளியிருப்பது கைநாட்டு போன்ற அடையாளம்.

சிங்குலத்துக்கு மேல் வரிசையில், முதுகில், ஒற்றைத் தகடு கழன்றிருந்தால் ப்ரீசிங்குலர் வகை. பெரும்பாலும் அது மூன்றாம் தகடு. ஸ்பினிஃபெரைட்டிஸ், ஓபர்குலோடினியம், இம்பகிடினியம் இவ்வகை. உச்சிக்கும் இந்த வரிசைக்கும் இடையில் முதுகுப் பக்கம் திறந்தால் இன்டர்கேலரி வகை. டெஃப்லாண்ட்ரியா, வெட்ஸெலியெல்லா, அபெக்டோடினியம் இதில் வரும். கழன்ற தகட்டின் பக்கங்களை எண்ணுங்கள்: டெஃப்லாண்ட்ரியாவில் ஆறு, வெட்ஸெலியெல்லா கூட்டத்தில் நான்கு. எபிசிஸ்ட் முழுவதுமே தொப்பி போலக் கழன்றால் எபிசிஸ்டல். ஹோமோட்ரிப்ளியமும் பாலிஸ்பெரிடியமும் அப்படி.

கிழிசலை வாயென்று எண்ணிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. வாயின் விளிம்பு சீராக, தகட்டு எல்லையோடு, கோணங்களில் திரும்பி ஓடும். கிழிசல் முள்ளின் அடியையும் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். ஐந்தாறு கூடுகளிலாவது அதே இடத்தில் அதே வடிவத்தில் திறப்பு வந்தால்தான் நம்ப வேண்டும். மூடி கழன்று உள்ளேயே விழுந்து கிடப்பதும் உண்டு. குவியத்தைக் கீழே இறக்கினால் கருமையான துண்டாகத் தெரியும்.

தகடுகளின் நிழல்

நீந்தும் உயிரியின் தகடுகளே சிஸ்ட்டில் இருப்பதில்லை. அவற்றின் சாயல் மட்டும் வரப்பு, பள்ளம், முள் வரிசை என விழுந்திருக்கும். தகடுகளை உச்சியிலிருந்து அடிவரை வரிசைவரிசையாக எண்ணும் கோஃபாய்டு என்ற ஆய்வாளரின் முறையே இன்றும் பொதுமொழி. இரண்டு பெரும் பிரிவுகளைப் பிரிக்க இது போதும்: கோனியலாக்காய்டு என்றால் சிங்குலத்துக்கு மேல் வரிசையில் ஆறு தகடு, அடியில் ஒரே தகடு, அதனால் அடிக்கொம்பு இருந்தால் வழக்கமாக ஒன்று. பெரிடினியாய்டு என்றால் மேல் வரிசையில் ஏழு, முதுகில் மூன்று இடைத்தகடு, அடியில் இரண்டு தகடு. அதனால்தான் அடியில் இரட்டைக் கொம்பும் ஐங்கோண உருவமும். அந்த இரண்டில் இடக்கொம்பு பெரும்பாலும் நீளமாக இருக்கும். சல்கஸ் தெரியாதபோது திசை காட்ட அது கைகொடுக்கும்.

வரப்பு இல்லாத கூட்டில் முட்கள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். தகடுகளின் மூலைகளிலா, எல்லைக் கோட்டின் நடுவிலா, தகட்டின் மையத்திலா, அல்லது ஒழுங்கே இல்லாமல் எங்கும் பரவியா? ஹிஸ்ட்ரிக்கோஸ்பெரிடியத்தில் தகட்டுக்கு ஒன்றாகக் குழல் போன்ற முள், இடுப்பிலும் உண்டு. ஒலிகோஸ்பெரிடியத்தில் இடுப்பு காலி. ஸ்பினிஃபெரைட்டிஸில் மூலைதோறும் மூன்றாகக் கிளைத்த முள்ளும், முள்ளுக்கு முள் ஓடும் வரப்பும் உண்டு. வரப்பு மட்டும் இல்லையென்றால் அது அக்கோமோஸ்பெரா. இந்த இரண்டையும் பிரிக்கும்போது குவியத்தை மயிரிழையாக நகர்த்துங்கள். தாழ்ந்த வரப்பு ஒரு நொடி கோடாக மின்னிவிட்டு மறையும்.

சுவரும் முள்ளும்

நடுக் குவியத்தில் ஓரத்தைப் பாருங்கள். ஒற்றைச் சுவரென்றால் ஆட்டோஃப்ராகம். இரண்டு சுவர் விலகி நடுவில் வெற்றிடம் இருந்தால் கூடு கேவேட் வகை. அந்த இடைவெளி சுற்றிலும் இருக்கிறதா, மேலும் கீழும் மட்டுமா, கொம்புகளுக்குள் மட்டுமா என்று எழுதுங்கள். டெஃப்லாண்ட்ரியாவின் ஐங்கோணத்துக்குள் உருண்டையான உட்கூடு முட்டைக்குள் கரு போலத் தெரியும்.

அடுத்து முள் நீளத்தை உடலின் குறுகிய விட்டத்தோடு ஒப்பிடுங்கள். 10 சதவீதத்துக்குள் என்றால் ப்ராக்ஸிமேட், 10 முதல் 30 வரை ப்ராக்ஸிமோகோரேட், அதற்கு மேல் கோரேட். உடல் 40 மைக்ரான், முள் 14 மைக்ரான் என்றால் 35 சதவீதம், கோரேட். உடல் அளவில் முட்களைச் சேர்க்கக் கூடாது. மூன்று நீளமான முட்களையாவது, முழு நீளமும் ஒரே குவியத்தில் தெரிபவையாகத் தேர்ந்து அளந்து சராசரி எடுங்கள். உங்களை நோக்கி நிற்கும் முள் எப்போதும் குட்டையாகத்தான் தெரியும்.

இந்த எண்ணை வைத்து மட்டும் புது இனம் படைக்க வேண்டாம். லிங்குலோடினியம் மக்கெரோஃபோரம் உப்புக் குறைந்த நீரில் முள்ளைக் குட்டையாக வளர்க்கும். இன்றைய கடல்களிலேயே அளந்து பார்த்த உண்மை இது. 20 கூடுகளையாவது அளந்து, இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக மாறுகிறதா என்று பாருங்கள். தொடர்ச்சியாக மாறினால் எல்லாம் ஓரினமே.

எண்ணும்போது கவனிக்க வேண்டியவை சில. ஓடொன்டொகைடினாவின் மூடி, நீண்ட உச்சிக் கொம்போடு தனியாகக் கிடக்கும். உடலையும் மூடியையும் தனித்தனியாக எண்ணினால் ஓருயிர் இரண்டாகிவிடும். உடலை மட்டும் எண்ணுங்கள். பைரைட் படிகம் வளர்ந்த தடம் சுவரில் கோணலான ஓட்டைகளை விட்டுப் போகும். அது அலங்காரம் ஆகாது. ஒரே சிலைடில் சில கூடுகள் மட்டும் கருத்தோ, சாயத்தை வேறுவிதமாக வாங்கியோ இருந்தால் அவை பழைய பாறையிலிருந்து அரித்துக் கொண்டுவரப்பட்டவையாக இருக்கலாம். தனிப் பட்டியலில் வையுங்கள். ஒரு மாதிரிக்கு 200 முதல் 300 கூடுகள் எண்ணுவது வழக்கம்.

வாயும் தெரியாமல், தகட்டுச் சாயலும் இல்லாமல் ஒரு முள் உருண்டை மிஞ்சினால் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது: அக்ரிடார்க், 1963-ல் எவிட் தந்த பெயர். வாய் தெரிந்து மற்றவை மங்கியிருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டிலும், அந்தக் கூடு சிலைடில் எங்கே கிடக்கிறது என்பதை இங்கிலாந்து ஃபைண்டர் (சிலைடில் இடத்தைக் குறிக்க உதவும், கட்டம் பொறித்த கண்ணாடி) குறியீட்டோடு எழுதி, மூன்று குவியப் படங்களையும் சேர்த்து வையுங்கள். அதே பாறையிலிருந்து நன்றாக வாய் திறந்த கூடு நாளை ஒன்று கிடைத்தால், திரும்பிப் போய் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.