முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சாப்ளினாகத் தகுதி பெறுவது எப்படி?

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகளில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கு ஆன்மிகத் துணை அளிக்கும் சமயப் பணியாளராக, பணியாற்ற விரும்புவோர், அமெரிக்கக் குடியுரிமையோடு, மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி எனப்படும் இறையியல் முதுகலைப் பட்டத்தையோ அதற்கு இணையான கல்வியையோ பெற்றிருக்க வேண்டும். தாம் சார்ந்த சமய அமைப்பின் அதிகாரபூர்வ ஒப்புதலும் கட்டாயம். அது பணிக்காலம் முழுவதும் நடப்பில் இருந்தாக வேண்டும் என்பதால், அவ்வமைப்பின் நிபந்தனைகளை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

அடுத்தது, கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன் எனப்படும் ஆன்மிகப் பராமரிப்புப் பயிற்சியில் குறைந்தது 2 அலகு. ஓர் அலகுக்குக் குறைந்தது 400 மணி நேரம். இப்பயிற்சியில், நோயாளியுடன் நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, பயிற்றுநரும் சக மாணவர்களும் அதை அலசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது, பட்டப்படிப்பைவிடக் கடினமானது என்றே சொல்லலாம்.

படையில் பணியாற்றியிருக்க வேண்டிய கட்டாயமில்லை; ஆனால், போரில் செய்ததையோ செய்யத் தவறியதையோ எண்ணிக் குமைபவரின் அருகில், மதப் பிரசாரமும் தீர்ப்பும் இல்லாமல் அமர்ந்திருக்கத் தெரிய வேண்டும். பணியிடங்கள் அமெரிக்கக் கூட்டரசின் வேலைவாய்ப்பு இணையதளமான யுஎஸ்ஏஜாப்ஸில் (USAJOBS) அறிவிக்கப்படுகின்றன.