சிறிய ஈஆர்டபிள்யூ குழாய்: ட்யூப் மில்லில் வெல்டை அமைக்கும் முறை

25.4 மி.மீ. வெளிவிட்டமும் 1.2 மி.மீ. கனமும் உள்ள மைல்டு ஸ்டீல் ஈஆர்டபிள்யூ குழாயை (பட்டையைக் குழாயாக வளைத்து, விளிம்புகளை மின்சாரத்தால் சூடாக்கி அழுத்தி ஒட்டும் வகை) எடுத்துக்கொள்வோம். வெல்டு பிளந்தால் உடனே பவரைக் கூட்டாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பட்டையிலோ, ரோலிலோ, இம்பீடரிலோதான் (மின்சாரத்தை விளிம்புகளில் குவிக்கக் குழாய்க்குள் வைக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருள் தண்டு) இருக்கும்.

முதலில் பட்டை அகலம். கனத்தின் நடுக்கோட்டுச் சுற்றளவு (25.4 − 1.2) × 3.1416, அதாவது 76 மி.மீ. வெல்டில் பிதுங்கும் உலோகத்துக்கும் சைசிங்கில் (ரோல்கள் குழாயை இறுதி விட்டத்துக்குக் கொண்டுவருவது) இறுகுவதற்கும் 1.5 முதல் 2 மி.மீ. கூட்டி ஸ்லிட் செய்து (நீளவாக்கில் வெட்டி) ஓட்டிப் பாருங்கள். அகலம் குறைந்தால் விளிம்புகளைச் சேர்த்து அழுத்தும் ஸ்க்வீஸ் ரோலில் அழுத்தம் கிடைக்காது; உருகிய ஆக்சைடு வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும். ஸ்லிட்டிங் பிசிறை எல்லாக் காயிலிலும் (பட்டைச் சுருள்) ஒரே பக்கமாக வையுங்கள்.

மில் நிற்காமல் ஓட வேண்டுமானால் அக்யூமுலேட்டரை (காயில் மாற்றும் நேரத்துக்குப் பட்டையைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 மீட்டர் வேகத்தில், காயில் முனைகளை வெட்டி ஒட்ட 90 விநாடி ஆனால் 120 மீட்டர் பட்டை இருப்பில் வேண்டும். ஒட்டும்போது தடுமாற்றம் வரும், ஆகவே 150 மீட்டராவது வைத்துக்கொள்வது நல்லது. நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் சில மீட்டர் குழாய் கழிவுதான்.

விளிம்புகளை வழிநடத்தும் ஃபின் ரோல்களைத் தாண்டி வரும் விளிம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே உயரத்தில் சந்திக்க வேண்டும். உள்விளிம்பு முந்தித் தொட்டால் உள்ளே அதிகம் உருகும், வெளியே ஒட்டாது. வி கோணம் (சந்திக்க வரும் இரு விளிம்புகளுக்கு இடையிலான கோணம்) 4 முதல் 7 டிகிரிக்குள் இருக்கட்டும். அதைவிடக் குறுகினால் சந்திப்புக்கு முன்பே தீப்பொறி தாவி வெல்டில் ஓட்டை விழும். விரிந்தால் மின்சாரம் வீணாகும்.

விளிம்புகளைச் சூடாக்கும் மின்சுருளான இண்டக்ஷன் காயிலை, விளிம்புகள் சந்திக்கும் வெல்டு முனையிலிருந்து ஏறத்தாழ ஒரு குழாய் விட்டத் தூரத்தில் வையுங்கள். இம்பீடரின் ஃபெரைட் முனை வெல்டு முனையைத் தாண்டி 2, 3 மி.மீ. போக வேண்டும், பின்பக்கம் இண்டக்ஷன் காயிலுக்கு வெளியேயும் நீள வேண்டும். சிறிய குழாயில் இம்பீடருக்கு இடம் குறைவு, ஆகவே குளிரூட்டும் தண்ணீரில் கவனம் வேண்டும். ஃபெரைட் சூடேறினால் காந்தத் தன்மை சரியும். செட்டிங் எதையும் தொடாமலேயே வெல்டு மங்கிக்கொண்டு வந்தால், முதலில் பார்க்க வேண்டியது இம்பீடர் தண்ணீரை.

இதெல்லாம் சரியான பிறகே பவர். வெளி பீடு (வெல்டில் வெளியே பிதுங்கிய உலோகம்) சீராக, உடையாமல், அதைச் சீவி எடுக்கும் ஸ்கார்ஃபிங் டூலிலிருந்து ஒரே நீள இழையாக வர வேண்டும். இழை அறுந்து அறுந்து வந்தால் சூடு ஏறி இறங்குகிறது, அல்லது டூல் மழுங்கிவிட்டது. வேகத்தை மாற்றும்போது பவரும் கூடவே மாறும்படி இணைப்பு இருக்கட்டும்.

வெல்டு நிலையத்தில் விட்டம் 25.7 மி.மீ. அளவில் இருந்தால் சைசிங் ரோல்களுக்கு வேலை செய்ய இடம் இருக்கும். குழாயின் வளைவை டர்க்ஸ் ஹெட்டில் (குழாயை நேராக்கும் ரோல் தொகுதி) எடுங்கள். 6 மீட்டர் நீளத்துக்கு ஓடும் குழாயோடு நகர்ந்தே வெட்டும் ஃப்ளையிங் கட்டர் 4.5 விநாடிக்கு ஒரு வெட்டு போட வேண்டும்.

ஒவ்வொரு காயில் மாற்றத்துக்குப் பிறகும் ஒரு துண்டை வெட்டி, வெல்டு பக்கவாட்டில் 90 டிகிரியில் இருக்கும்படி பிரஸ்ஸில் நசுக்குங்கள். வெல்டுக் கோட்டில் பிளந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். தட்டையாக, சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தால் சூடோ அழுத்தமோ போதவில்லை. ஆங்காங்கே சிறு கரும்புள்ளிகள் இருந்தால் ஆக்சைடு சிக்கியிருக்கிறது: வி கோணத்தையும், விளிம்பின் சுத்தத்தையும், ஸ்க்வீஸ் அழுத்தத்தையும் இந்த வரிசையிலேயே சரிபார்த்துவிட்டு மறுபடி நசுக்கிப் பாருங்கள்.